கால்மாட்டில் படுத்திருந்தவள்

"பொட்டப்புள்ளையத் தேடி சீனா வரைக்கும் போகணுமாடா?"

2004இல் என் மாமியார் தொலைபேசியில் கேட்டது இது. இவருக்கு, என் கணவருக்கு, சொந்த ஊர் உசிலம்பட்டிக்குப் பக்கம். எண்பதுகளில் அந்தப் பக்கத்துப் பெண்சிசுக் கொலைகளைப் பற்றிப் பத்திரிகைகள் என்ன எழுதின என்று உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மாமியார் கிண்டலாகத்தான் கேட்டாரா, மனதில் வேறு எதையாவது வைத்துக்கொண்டு கேட்டாரா என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. இவர் போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். நியூஜெர்சியில் அன்றைக்கு நல்ல பனி.

ஏன் சீனா? கேட்டவர்களுக்கெல்லாம் நாங்கள் சொன்ன பதில் நடைமுறையானது. அன்றைக்கு அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்க நினைத்தவர்களுக்குச் சீனாவின் வரிசைதான் ஒழுங்காக நகர்ந்தது. காகிதமெல்லாம் பெய்ஜிங் போய்ச் சேர்ந்தால் ஓராண்டுக்குள் தபாலில் ஒரு சின்னப் புகைப்படம் வந்துவிடும். எனக்குள் வைத்திருந்த காரணம் வேறு. நான் மலேசியாவில், பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். என் தாத்தாவின் தங்கை, எங்களுக்குச் சின்னப் பாட்டி, பிறப்பால் சீனப் பெண். வறுமை, பெண்ணாய்ப் பிறந்தது, புலி ஆண்டில் பிறந்தது என்று ஏதேதோ காரணத்தால் சீனக் குடும்பங்கள் கொடுத்துவிட்ட பெண்குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் வாங்கி வளர்த்த காலம் ஒன்று மலாயாவில் இருந்தது. ஈப்போவிலோ கிள்ளானிலோ கோயில் திருவிழாவில் சேலையும் குங்குமமுமாக, சீன முகத்தோடு, நம்மைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசும் பாட்டிகளைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சின்னப் பாட்டி தோட்டக் குடியிருப்பான லயத்தில் வளர்ந்து, பால்மரம் சீவி, வெற்றிலை போட்டு, மாரியம்மனுக்குத் தீ மிதித்து, பேரன் பேத்தி எடுத்தவர். "பாட்டி, நீங்க சீனச்சியா?" என்று எட்டு வயதில் ஒருமுறை கேட்டேன். "பசியாறிட்டியா? போ, போயி பசியாறு" என்றார். அவ்வளவுதான் அவருடைய வரலாறு. அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. யாருக்காவது தெரிந்திருந்தாலும் சொன்னதில்லை.

எங்கள் மகளுக்கு அப்படி ஆகக்கூடாது என்று நினைத்தேன். எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே சொல்லிவிடுவது என்று நானும் இவரும் பேசி வைத்திருந்தோம். எல்லாம் என்றால் என்ன என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

2005 ஜனவரி, சாங்ஷா. ஹூனான் மாகாணத்தின் தலைநகர். குழந்தைகள் இருந்த விடுதிகளுக்கு வெளிநாட்டவரைப் பெரும்பாலும் அழைத்துப் போகமாட்டார்கள். குழந்தைகளைத்தான் தலைநகருக்குக் கொண்டுவருவார்கள். சீனாவில் ஹுவாய் ஆற்றுக்குத் தெற்கே கட்டடங்களுக்கு மைய வெப்பமூட்டும் வசதி கிடையாது. அரசு நிறுவிய ஏற்பாடு அது, வடக்குக்கு மட்டும். அதனால் தெற்கின் குளிர் வீட்டுக்குள்ளேயே இருக்கும். பதினொரு மாதக் குழந்தையை ஐந்து அடுக்குத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். அறைக்குப் போய் வெங்காயம் உரிப்பதுபோல ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பஞ்சு வைத்த சட்டை, அதற்குள் ஒரு கம்பளிச் சட்டை, அதற்குள் இன்னொன்று. கடைசியில் உள்ளே ஒரு மெலிந்த பிள்ளை அழாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் பணம். விடுதிக்கு நன்கொடை 3,000 டாலர், ரொக்கமாக. புது நோட்டாக இருக்க வேண்டும், மடிப்பு கூடாது, பேனா கோடு கூடாது என்று எங்கள் ஏஜென்சி முன்கூட்டியே எழுதியிருந்தது. கல்யாண மொய்க்குப் புது நோட்டு தேடுவதுபோல நியூஜெர்சியில் வங்கி வங்கியாக அலைந்து வாங்கினோம். உறையில் வைத்துக் கொடுத்தோம். எண்ணிப் பார்த்து ரசீது தந்தார்கள்.

அப்புறம் குவாங்சோ. விசாவுக்காக எல்லா அமெரிக்கக் குடும்பங்களும் அங்கேதான் போக வேண்டும். ஷாமியன் தீவில் வெள்ளை அன்னம் என்று பெயர் கொண்ட பெரிய ஹோட்டலில் எங்கு பார்த்தாலும் வெள்ளைக்காரத் தம்பதிகளும் சீனக் குழந்தைகளும். அங்கே ஒரு சிவப்பு சோபா உண்டு. கூட வந்த குடும்பங்களின் குழந்தைகளையெல்லாம் அதில் வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுப்பது சடங்கு. எடுத்தோம். எங்கள் படத்தில் ஏழு குழந்தைகள், ஏழும் பெண், ஐந்து அழுகிறது. தத்தெடுத்து வருபவர்களுக்கென்றே அந்த ஹோட்டலில் ஒரு பார்பி பொம்மையும் தந்தார்கள்: பொன்னிற முடிப் பார்பி, கையில் ஒரு சீனக் குழந்தை. என்னைப் போன்ற நிறத்தில் ஒருத்தி அதை வாங்குவாள் என்று பொம்மை செய்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் எல்லாரையும் வலது கையை உயர்த்தச் சொன்னார்கள். சமர்ப்பித்த விவரங்கள் யாவும் உண்மை என்று சத்தியம் செய்தோம். எங்களுக்குத் தெரிந்தவரை உண்மைதான்.

ஊருக்கு வந்ததும் தூக்கம் ஒரு பிரச்சினை. பிள்ளை படுத்த இடத்தில் காலால் எதையோ தேடுவாள். நீட்டி நீட்டி, படுக்கையின் விளிம்புவரை போய்விடுவாள். எதேச்சையாக ஒருநாள் ஒரு தலையணை கால்மாட்டில் கிடந்தது. அதை இரண்டு காலாலும் உதைத்தபடி தூங்கிவிட்டாள். அன்றிலிருந்து அதுவே வழக்கம். மாமியார் வந்தபோது, "தலைக்கு வைக்கிறதப் போயி காலுக்கு வைக்கலாமாடி" என்று தினமும் எடுத்துப் போடுவார், நான் தினமும் திரும்ப வைப்பேன்.

மாமியார் பிள்ளையிடம் ஒட்டிக்கொண்டது தனிக் கதை. அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது ஒரு சொல்லைப் பற்றி.

எங்களைப் பார்க்கிற தமிழர்கள் எல்லாருமே, உண்மையிலேயே எல்லாருமே, இதைச் சொல்லியிருக்கிறார்கள்: "நீங்க செஞ்சது பெரிய புண்ணியம்." கோயிலில், கல்யாணத்தில், டாக்டர் வீட்டுக் கொலுவில். மகளைப் பார்த்து, "நீ குடுத்து வச்சவம்மா" என்பார்கள். அவளுக்கு ஏழு வயதில் அந்தச் சொல்லை நான் விளக்க வேண்டியிருந்தது. "யாரு குடுத்தா? யாருகிட்ட வச்சா?" என்று கேட்டாள். அதிர்ஷ்டசாலி என்று அர்த்தம், அவ்வளவுதான் என்று முடித்துக்கொண்டேன்.

யார் கொடுத்தார்கள் என்பதற்கு எங்களிடம் ஒரு பக்கக் காகிதம் இருந்தது. 2004 பிப்ரவரியில் ஒரு விடிகாலை, இன்ன ஊரின் நடுநிலைப் பள்ளி வாசலில், நீலப் போர்வையில் சுற்றிய பெண்குழந்தை ஒன்றை வழிப்போக்கர் ஒருவர் கண்டு காவல் நிலையத்தில் சொன்னார். பிறந்து இரண்டு நாள் இருக்கலாம். சீட்டு ஏதும் இல்லை. இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு பத்து வருஷம் கதை சொன்னேன். பள்ளிக்கூட வாசலில் வைத்தார்கள் என்றால் யாராவது உடனே பார்க்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள், பார். விடியும் நேரத்தில் வைத்தார்கள் என்றால் குளிரில் நீ அதிக நேரம் கிடக்கக்கூடாது என்று. நீலப் போர்வையை உன் அம்மாவே தைத்திருப்பாள். ஒவ்வொரு வருஷமும் அந்தப் போர்வைக்கு நான் ஒரு பூ சேர்த்தேன்.

விட்டுச் சென்றவர்கள் ஏன் பெயர் எழுதிவைக்கவில்லை என்றும் கேட்பாள். இதற்கு மட்டும் நேரான பதில் உண்டு. சீனாவில் குழந்தையைக் கைவிடுவது குற்றம். முறையாக அரசிடம் ஒப்படைக்கப் பெற்றோருக்கு வழியும் இல்லை. 1980 வாக்கில் இறுகிய ஒரு குழந்தைக் கொள்கை கிராமங்களில் கொஞ்சம் தளர்ந்து, முதல் குழந்தை பெண்ணானால் இன்னொன்று பெறலாம் என்று பல மாகாணங்களில் ஆனது. அந்த இரண்டாவதும் பெண்ணானால்? அன்றைக்கு அதற்கு மேல் பெற்றால் அபராதம், ஒரு விவசாயியின் பல வருஷ வருமானம். வயதான காலத்தில் சோறு போட மகன் வேண்டும், மகள் இன்னொரு வீட்டுக்குப் போய்விடுவாள். இந்தக் கணக்கை உசிலம்பட்டிக்காரருக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன. சீனாவின் தத்தெடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 1992இல்தான் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. கொல்லாதே, தொட்டிலில் போட்டுவிட்டுப் போ என்று இங்கே அரசே சொன்னது. அங்கே போட்டவரைக் கண்டுபிடித்தால் தண்டனை. அதனால்தான் விடிகாலை, அதனால்தான் வாசல்.

2005 நவம்பரில், நாங்கள் மகளோடு ஊர் திரும்பி ஒரு வருஷம்கூட ஆகாத நேரத்தில், ஹூனானின் ஹெங்யாங் பகுதியிலிருந்து செய்தி வந்தது. சில விடுதிகள் இடைத்தரகர்களிடம் பணம் கொடுத்துக் குழந்தைகளை வாங்கியிருக்கின்றன. பக்கத்து மாகாணமான குவாங்டோங்கிலிருந்து ரயிலில் வந்த குழந்தைகள் இங்கே வாசலில் கண்டெடுத்ததாக எழுதப்பட்டிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு தரகர்களும் ஒரு விடுதித் தலைவரும் சிறைக்குப் போனார்கள். 2011இல் இன்னொரு செய்தி, அதே மாகாணத்தின் ஷாவ்யாங்கிலிருந்து. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் குடும்பக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் அபராதம் கட்டமுடியாத கிராமத்தாரின் குழந்தைகளைப் பிடுங்கிக்கொண்டுபோய் விடுதியில் சேர்த்திருக்கிறார்கள். அங்கிருந்து அவை வெளிநாட்டுக்குப் போயிருக்கின்றன. ஊரின் பெயரைக் கொண்டு எல்லாக் குழந்தைகளுக்கும் ஷாவ் என்றே குடும்பப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் மகளின் ஊர் இந்த இரண்டும் இல்லை. அதே மாகாணம், அதே காலம். நான் அந்தச் செய்திகளை அச்செடுத்துச் சமையலறையில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று சபதம் செய்த அம்மா.

பன்னிரண்டு வயதில் அவளே இணையத்தில் படித்துவிட்டாள். சாப்பாட்டு மேசையில் கேட்டாள்: "எனக்கு நீங்க பணம் குடுத்தீங்களா?"

இவர், "அது நன்கொடைம்மா" என்றார்.

"எவ்வளவு?"

சொன்னோம். தலையாட்டிக்கொண்டு சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்போது, "நான் அங்க போகணும்" என்றாள்.

அனுமதிக்குச் சில மாதம் ஆனது. 2017 ஜூலையில் போனோம். குவாங்சோவிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம் போல, சென்சோ மேற்கு நிலையம். அங்கிருந்து வேனில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஊரின் பெயரை எழுதவில்லை. அது அவளுடையது, அவள் சொல்லட்டும்.

தெற்கு ஹூனானில் ஜூலை என்றால் முதல் போகம் அறுக்கிற அதே வாரத்தில் இரண்டாம் போகம் நட வேண்டும். சாலையின் ஒரு பக்கம் கதிர் அடித்துக்கொண்டிருக்கிறார்கள், மறுபக்கம் சேற்றில் நாற்று முடிகளை வீசுகிறார்கள். வேனை நிறுத்தச் சொல்லிவிட்டு இவர் வரப்பில் இறங்கி நின்றுவிட்டார். பன்னிரண்டு வருஷத்தில் சீனாவைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை, "நடவு நேரா இருக்கு." சாலையோரத்தில் நெல் காயப்போட்டிருந்தது. வேன் அதன்மேல் ஏறித்தான் போனது. யாரும் திட்டவில்லை, நம் ஊர்போலவே.

எங்களோடு வந்த வழிகாட்டிப் பெண் சாங்ஷாக்காரி, இப்படிப் பல குடும்பங்களை அழைத்துப் போனவள். "எதிர்பார்ப்பைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று இரண்டு முறை சொன்னாள். மகள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அனாதை இல்லம் என்று சொல்கிறோமே தவிர, அதன் சீனப் பெயருக்குச் சமூக நல விடுதி என்றுதான் பொருள். முற்றத்தில் எங்களை முதலில் வரவேற்றவர்கள் முதியோர். ஆதரவற்ற பெரியவர்களும் அதே வளாகத்தில்தான் இருக்கிறார்கள். மூங்கில் நாற்காலிகளில் உட்கார்ந்து, விசிறிக்கொண்டு, எங்கள் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தார்கள். சீனப் பிள்ளைக்குக் கறுத்த அப்பா அம்மாவா என்பது அந்தப் பார்வை. மாரியம்மன் கோயிலில் சின்னப் பாட்டியைப் புதிதாகப் பார்ப்பவர்கள் பார்ப்பதும் இதே பார்வைதான், திருப்பிப் போட்டது. குளியலறை ஓடு பதித்த வெள்ளைக் கட்டடம் பழையது. பக்கத்தில் புதுக் கட்டடம். வாசலில் சிவப்பு எழுத்து ஓடும் பலகையில் எங்களுக்கு வரவேற்பு.

தலைவர் 2011இல்தான் இங்கே வந்தவர். மரியாதையானவர். நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், வெட்டிய தர்பூசணி. கோப்பை எடுத்து முன்னால் வைத்தார். பெரும்பாலும் எங்களிடம் இருக்கும் காகிதங்களே. ஒன்றே ஒன்று புதிது: சேர்க்கைப் பதிவேட்டின் அந்த மாதப் பக்கம். பதினோரு வரி. பாலினம் என்ற கட்டத்தில் சீன எழுத்தில் பெண் என்று மேலிருந்து கீழே வரை. மண்டியிட்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை வரைந்ததிலிருந்து உருவான எழுத்து அது. பதினொன்றில் பத்து பேர் அப்படி உட்கார்ந்திருந்தார்கள். ஒரே ஒரு ஆண், பக்கத்தில் உதட்டுப் பிளவு என்று குறிப்பு. கண்டெடுத்த இடம் என்ற கட்டத்தில் விடுதி வாசல், விடுதி வாசல், மருத்துவமனை வாசல், பள்ளி வாசல், விடுதி வாசல். பதினோரு பேருக்கும் ஒரே குடும்பப் பெயர். இயற்பெயரின் முதல் எழுத்தும் ஒன்றே, அந்த வருஷத்துக்கு உரியது. அவளுடைய சீனப் பெயரை நாங்கள் நடுப்பெயராக வைத்து, அதன் பொருளைச் சட்டமிட்டு அவள் அறையில் மாட்டியிருந்தோம். அது 2004ஆம் வருஷத்துப் பதிவு எண் மாதிரி.

மகள் விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்து தன் வரியில் நின்றாள். போர்வை பற்றி அங்கே ஒன்றும் இல்லை. நிறமும் இல்லை.

நான் ஒரு கேள்வி வைத்திருந்தேன். அந்த ஆண்டுகளில் குழந்தைகளைக் கொண்டுவந்தவர்களுக்கு விடுதி பணம் ஏதும் கொடுத்ததுண்டா, செலவுக்காகவேனும், யாரையும் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை என்று வெகு ஜாக்கிரதையாகக் கேட்டேன். என் கேள்வி ஐந்து வாக்கியம். வழிகாட்டி மொழிபெயர்த்தது நாலு சொல். தலைவர் சிரித்துக்கொண்டு புதுக் கட்டடத்தைக் காட்டினார். நான் வழிகாட்டியைப் பார்த்தேன். அவள் தன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் நாளையும் இங்கே வர வேண்டியவள். மறுபடி கேட்கவில்லை.

அப்புறம் பள்ளி வாசல். பத்து நிமிஷ தூரம். நான் வருஷக்கணக்கில் மனதில் கட்டிவைத்த இடம். நிஜத்தில் தானாக மடிந்து திறக்கும் எஃகுக் கதவு, பக்கத்தில் காவலர் கூண்டு, எதிரே மொபைல் போன் கடை. மகளை அங்கே நிற்கவைத்து இவர் படம் எடுத்தார். என்னால் அழமுடியவில்லை. அழுவதற்காகவே கைக்குட்டை எல்லாம் கொண்டுபோயிருந்தேன். என்ன விஷயம் என்று காவலர் வந்து கேட்டார். வழிகாட்டி சொன்னதும், "2004லா? அப்போது வாசல் இங்கே இல்லையே" என்றார். இந்த வாசல் 2009இல் வைத்தது. பழைய வாசல் பின்பக்கம், அதை அடைத்துச் சுவர் எழுப்பி, இப்போது அந்த இடத்தில் கழிப்பறை.

மகள் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அப்போ நாம இவ்வளவு நேரமா யாரோட கேட்டைப் பாத்துட்டிருக்கோம்?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். பொங்கிப் பொங்கிச் சிரித்தாள். காவலரும் காரணம் தெரியாமல் சேர்ந்துகொண்டார். அந்தப் பயணத்தில் அவள் நன்றாகச் சிரித்தது அப்போதுதான்.

மதியச் சாப்பாடு தலைவர் உபயம். மீன் தலை முழுக்க நறுக்கிய சிவப்பு மிளகாய். இவருக்குப் பரம திருப்தி. நான் சாப்பிட்டதாக நினைவில்லை.

பழைய ஆட்களில் யாராவது இருக்கிறார்களா என்று முன்பே கேட்டு எழுதியிருந்தோம். ஓய்வு பெற்ற ஒருவர் வருவார் என்றார்கள். மூன்று மணிக்கு வந்தார். குட்டையான உருவம், ஒரு பிளாஸ்டிக் பையில் வேகவைத்த சோளமும் முட்டையும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களை அங்கே ஆயி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அத்தை, சித்தி என்பதுபோல ஒரு சொல். அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ இளகிவிட்டது, நம் பக்கத்து ஆயியும் ஆயாவும் இதுவேதானே என்று. சம்பந்தமில்லாத இரண்டு மொழி, தற்செயல்தான். இருக்கட்டும்.

ஆயிக்கு உள்ளூர்ப் பேச்சு மட்டும்தான். மகள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்ற மாண்டரின் அங்கே செல்லவில்லை. ஆயி சொல்வதை ஒரு இளம் ஊழியர் மாண்டரினில் சொல்ல, வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்ல, நான் இவருக்குத் தமிழில் திரும்பச் சொல்ல, ஒரு வாக்கியம் நான்கு வாய் கடந்து வந்தது. அதில் ஒன்று மட்டும் நேராகப் புரிந்தது. எங்களைப் பார்த்ததும் முதலில் கேட்டார், "சாப்பிட்டாயிற்றா?" பசியாறிட்டீங்களா.

அடுத்து அவர் செய்தது, மகளின் தலையைக் குனியவைத்து முடியை இரண்டாகப் பிரித்தார். ஈரும் பேனும் பார்ப்பதுபோல விரலால் உச்சியைத் தேடினார். தேடி, ஏதோ சத்தமாகச் சொன்னார். நான்கு வாய் கடந்து வந்தது: "இரட்டைச் சுழி. இவள்தான்."

அவளுக்கு இரட்டைச் சுழி. எங்கள் கோப்பில் எங்கும் அது இல்லை. மாமியாருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இரட்டைச் சுழி பிடிவாதம் என்று அங்கேயும் சொல்வார்களாம்.

ஆயி மகளின் கையை விடாமல் பேசிக்கொண்டே போனார். அந்த பிப்ரவரியில் நல்ல குளிர். தொட்டில் போதவில்லை. போதியிருந்தாலும் ஒன்றாகப் போட்டால்தான் சூடு. ஒரு தொட்டிலுக்கு இரண்டு பிள்ளை, தலைக்குக் கால் மாற்றி. ஜன்னலிலிருந்து மூன்றாவது தொட்டில். இவளோடு படுத்தவள் குண்டுப் பிள்ளை, ஓயாமல் அழுவாள். அவள் அழுதால் இவள் காலால் அவளை உதைத்துக்கொண்டே இருப்பாள். உதைத்தால் அவள் நிறுத்திவிடுவாள்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவள் எங்கே?" என்று மகள் கேட்டாள். மாண்டரினில், அவளாகவே. இதற்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

போய்விட்டாள். இவளுக்கு இரண்டு மாதம் முன்னால். மஞ்சள் முடிக்காரர்கள் வந்தார்கள். எந்த நாடு என்று ஆயிக்குத் தெரியாது. பதிவேட்டில் இருக்குமே என்று மகள் தலைவரைக் கேட்டாள். அது வேறொரு குடும்பத்தின் கோப்பு, காட்டமுடியாது என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அவள் விடவில்லை. அவளுக்கு என்ன பெயர், எந்த மாதம் வந்தாள், முகத்தில் மச்சம் உண்டா, சிரிப்பாளா. இருபது கேள்வி கேட்டிருப்பாள். பெற்ற அம்மாவைப் பற்றி ஒன்றுகூடக் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக நான் தயாரித்துவைத்த பதில்கள் எல்லாம் அந்த அம்மாவைப் பற்றியவை.

ஆயி எங்களைப் பழைய கட்டடத்தின் மாடிக்கு அழைத்துப் போனார். அந்த அறை இப்போது கிடங்கு. தொட்டில்கள் இல்லை. ஜன்னல் இருந்தது. திரும்பும் வழியில் புதுக் கட்டடத்தில் இப்போதைய பிள்ளைகளைப் பார்த்தோம். பெண்ணும் ஆணும் ஏறக்குறைய சமம். அநேகமாக எல்லாருக்கும் ஏதாவது ஒரு குறைபாடு. 2014இல் குவாங்சோ நகரம் நம் தொட்டில் திட்டம்போல ஒன்றைத் தொடங்கி, ஒன்றரை மாதத்தில் 262 குழந்தைகள் வந்து சேர்ந்ததும் சமாளிக்கமுடியாமல் நிறுத்தியது. வந்த பிள்ளைகள் எல்லாருக்குமே நோயோ ஊனமோ இருந்தது. ஆரோக்கியமான பெண்குழந்தைகள் வாசலில் கிடந்த காலம் முடிந்து, வைத்தியத்துக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளின் காலம் வந்திருந்தது. சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பையன் இவருடைய மீசையைத் தொட்டுப் பார்த்தான். இவர் வெகுநேரம் அவன் முன்னால் குனிந்தபடியே நின்றார்.

கிளம்பும்போது தலைவர் பார்வையாளர் புத்தகத்தை நீட்டினார். புரட்டினேன். ஆங்கிலம், ஸ்பானியம், டச்சு. எங்கள் மகளைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி, எங்கள் மகளைத் தந்ததற்கு நன்றி என்று பக்கம் பக்கமாக. என்னிடம் பேனா கொடுத்தார்கள். ஆயிக்கு நன்றி சொல்ல ஒரு புத்தகம் நிறைய இருந்தது. அந்தப் பதினோரு வரிப் பக்கத்துக்கு என்ன எழுதுவது? மடிப்பில்லாத நோட்டுகள் ஞாபகம் வந்தன. அந்தப் பணம் போன பிறகு யாராவது எங்கேயாவது இன்னொரு பிள்ளையை விடிகாலையில் ரயிலேற்றியிருந்தால்? ஏற்றவில்லை என்றும் இருக்கலாம், எல்லாம் அந்த ஒரு பக்கத்தில் எழுதியபடியே நடந்திருக்கலாம். புண்ணியம் என்று ஊர் சொன்ன சொல்லை இத்தனை நாள் மறுக்காமல் கேட்டுக்கொண்டு நின்றவள் நான். யாருக்கும் தெரியாமல் அது எனக்குப் பிடித்தும் இருந்தது. பிள்ளை ஆசையில் போனோம், பிள்ளை கிடைத்தது. அதில் யார் இழந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இதைப் புண்ணியக் கணக்கில் எழுத என் கை வரவில்லை.

மகள் பேனாவை வாங்கிக்கொண்டாள். நிதானமாக எழுதினாள், முதலில் சீனத்தில், கீழே ஆங்கிலத்தில். வழிகாட்டி ஒரு எழுத்தைத் திருத்தினாள். எழுதியது இதுதான்: 2004 பிப்ரவரி, ஜன்னலிலிருந்து மூன்றாவது தொட்டில். நீ ஓயாமல் அழுதாயாம். உன்னை உதைத்தது நான். இங்கே வந்தால் எனக்கு எழுது. கீழே தன் மின்னஞ்சல் முகவரி.

தலைவர் படித்துவிட்டு ஏதோ சொல்ல வந்து, மூடி வைத்துக்கொண்டார்.

வேனில் இவர் தாழ்ந்த குரலில் என்னிடம், "வர்றவங்க எல்லார்கிட்டயும் ஆயி இதையேதான் சொல்லுவாங்களோ?" என்று கேட்டார். சுழி? என்றேன். "ஆமா, சுழி" என்றார். அதற்கப்புறம் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. அன்று இரவு ஹோட்டலில் அவள் தூங்கியதும் போர்வையை இழுத்துப் பார்த்தேன். கால்மாட்டில் தலையணை இருந்தது.

2024 செப்டம்பர் 5ஆம் தேதி, வெளிநாட்டவர் சீனக் குழந்தைகளைத் தத்தெடுப்பது இனி இல்லை என்று சீன வெளியுறவு அமைச்சகத்தின் பேச்சாளர் அறிவித்தார். நெருங்கிய ரத்த உறவிலும் வாழ்க்கைத்துணையின் முன் மணத்துக் குழந்தை விஷயத்திலும் மட்டும் விலக்கு. ஆகஸ்ட் 28ஆம் தேதியே முடிவு நடைமுறைக்கு வந்துவிட்டது. முப்பத்திரண்டு வருஷத்தில் 1,60,000க்கு மேற்பட்ட பிள்ளைகள் போயிருக்கிறார்கள், ஏறக்குறைய பாதிப் பேர் அமெரிக்காவுக்கு. நாங்கள் போன 2005தான் உச்சம், அந்த ஒரே ஆண்டில் அமெரிக்காவுக்கு மட்டும் 7,900க்கு மேல். படம் வந்து, பெயர் வைத்து, அறைக்குச் சாயம் அடித்துக் காத்திருந்த குடும்பங்களும், அந்தப் பக்கம் விடுதியில் காத்திருந்த பெரிய பிள்ளைகளும் அப்படியே நிற்கிறார்கள். செய்தியை மகளுக்கு அனுப்பினேன். "பார்த்தேன்" என்று ஒரு சொல் பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ இனிமே புதுசா யாரும் வரமாட்டாங்க. நாங்க மட்டும்தான்" என்று இன்னொன்று.

இப்போது அவளுக்கு இருபத்தொன்று. பதினாறில் மரபணுப் பரிசோதனைக்கு எச்சில் அனுப்பினாள். தூரத்து உறவு என்று நான்கைந்து பேர் வந்தார்கள், எல்லாரும் இவளைப் போலவே தத்துப் போனவர்கள். அவர்களில் ஒருத்தியோடு அவ்வப்போது பேசுகிறாள். கல்லூரிக்குப் போனதும் புது மின்னஞ்சல் ஒன்று வைத்துக்கொண்டாள், தன் முழுப் பெயரில், வேலைக்கு விண்ணப்பிக்க ஏற்றது. பழையது பதின்மூன்று வயதில் வைத்தது. பூனை, ஊதா நிறம், மூன்று எண், வெளியில் சொன்னால் கூச்சமாக இருக்கும். அதை ஏன் இன்னும் வைத்திருக்கிறாய் என்று இவர் தெரியாத்தனமாக ஒருநாள் கேட்டுவிட்டார். வாரம் ஒருமுறை திறந்து பார்க்கிறாள். விளம்பரங்களாக வந்து குவிகிறது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழிக்கிறாள்.